இரவுக் கோச்சியில் (ரயிலில்) போய்க் கட்டுநாயக்காவில் விமானம் பிடிக்கலாமா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி):
அடுத்த மாதம் தம்பி கட்டாருக்கு வேலைக்குப் போகிறான். விமானம் பகல் 1.30க்கு. அம்மாவும் நானும் கூடப் போகிறோம். அம்மாவுக்கு இரவு பஸ் ஒத்துக்கொள்ளாது, வெலிக்கந்தை வருமுன்னமே சத்தி எடுத்துவிடுவா. அதனால் முதல்நாள் இரவு மட்டக்களப்பில் ரயில் ஏறலாம் என்று யோசனை. பிந்தினால் என்ன செய்வது?

பதில் (கல்முனை):
மூன்று பேர் என்றால் வேன் பிடியுங்கள். காசு போனாலும் நிம்மதி.

பதில் (ஏறாவூர்):
தங்கச்சி, எனக்குப் புடவைக் கடை. புறக்கோட்டைக்குச் சாமான் எடுக்கப் போவது இந்தக் கோச்சியில்தான். எவ்வளவு நேரம் பிந்தும் என்று யாராலும் சொல்ல ஏலாது. எங்கே பிந்தும் என்று சொல்லலாம், கணக்கை அதை வைத்துப் போடுங்கள்.

இங்கிருந்து மாகோ வரைக்கும் ஒற்றைப் பாதை. எதிரே வருகிறது ஏதாவது ஸ்டேஷனில் ஒதுங்கினால்தான் நம்முடையது நகரும். புணானைப் பக்கம் இருட்டில் எட்டிப் பாருங்கள், பெரிய வளையம் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆள் நிற்பார். அதில் உள்ள டேப்லட், அதாவது அடுத்த ஸ்டேஷன் வரை போக அனுமதியாகக் கொடுக்கிற தகடு, ட்ரைவர் கைக்குப் போகாமல் அடுத்த ஸ்டேஷனுக்கு விடமாட்டார்கள். எதிர்க் கோச்சி அரை மணி பிந்தினால் அந்த அரை மணி நம் தலையிலும் விழும். கல்லோயாச் சந்தியில் திருகோணமலைக் கோச்சியும் இதே பாதைக்கு வந்து சேரும்.

அப்புறம் யானை. 2024 ஒக்டோபரில் மட்டக்களப்புக்கு எண்ணெய் ஏற்றிவந்த கோச்சி மின்னேரியாப் பக்கம் யானைகளில் மோதித் தடம் புரண்டது. 2025 பெப்ரவரியில் பயணிகள் கோச்சி மோதி ஆறு யானை செத்தது. அதற்குப் பிறகு நேரசூசியையே மாற்றினார்கள், அந்தக் காட்டுக்குள் இரவில் மெதுவாகத்தான் போகும். வட்ஸ்அப்பில் சுற்றுகிற பழைய நேரங்களை நம்பாமல் ஸ்டேஷனில் கேளுங்கள்.

நீங்கள் ஏன் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் போகவேண்டும்? விமான நிலையம் அதற்கு முன்னமே வந்துவிடுகிறதே. வெயாங்கொடையில் இறங்கினால் மினுவாங்கொடை வழியாகக் கட்டுநாயக்கா. உங்கள் கோச்சி அங்கே நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வையுங்கள். நன்றாக விடிந்தும் மாகோ தாண்டவில்லை என்றால் குருநாகலிலேயே இறங்கிவிடுங்கள், அங்கிருந்து நீர்கொழும்புக்கு பஸ் இருக்கிறது. மிச்சத் தூரத்தில் ஓடிப் பிடிக்கும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். பொல்காவலைக்கு அப்பால் காலை ஒபிஸ் கோச்சிகளுக்குள் மாட்டினால் இன்னும் இழுக்கும்.

1.30 என்பதையும் மறந்துவிடுங்கள். கவுண்டர் ஒரு மணி நேரம் முன்னமே மூடிவிடும். வேலைக்குப் போகிறவர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் மேசையிலும் நிற்க வேண்டிவரும். தம்பி 10.30க்கு உள்ளே இருக்க வேண்டும்.

நான் என்றால் முதல்நாள் காலை உதயதேவிக் கோச்சியில் போய் நீர்கொழும்பில் படுப்பேன். எவ்வளவு பிந்தினாலும் இரவுச் சாப்பாடுதான் பிந்தும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி நானா. றூமுக்குக் காசு வீண் என்று அம்மா நிற்கிறா. இரவுக் கோச்சி என்றே முடிவானால், குருநாகல் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையத்துக்குப் பெட்டியோடு நடக்கலாமா?

பதில் (ஏறாவூர்):
நடக்க ஏலாது, ஸ்டேஷன் டவுனை விட்டுத் தள்ளி இருக்கிறது. த்ரீவீல்தான். பெட்டியும் மூன்று பேரும் ஒன்றுக்குள் அடங்காது, இரண்டு பிடிக்க வேண்டும். அம்மாவிடம் அந்தக் காசையும் சேர்த்துக் கணக்குச் சொல்லுங்கள், றூமுக்கே சம்மதிப்பா.