பாரம்பரிய நெல் விதை விவரங்களைத் தேடக்கூடிய தளமாக்க எந்த மென்பொருள் ஏற்றது?

கேள்வி

வணக்கம். காவிரிப் படுகையில் பாரம்பரிய நெல் விதைகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் சிறு உழவர் குழு ஒன்றில் இருக்கிறேன். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை பெற்று மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தந்து பழகியவர்கள் நாங்கள். அதே முறையை எங்கள் ஊர்களிலும் நடத்திவருகிறோம். எந்த ரகம் யாரிடம் இருக்கிறது, எத்தனை நாள் பயிர், எந்த மண்ணில் நன்றாக வந்தது, தண்ணீர் நின்றால் தாங்குமா என்பனவற்றை ஆறு ஆண்டுகளாக ஒரே எக்செல் தாளில் எழுதிவருகிறேன். இப்போது 142 ரகங்களுக்கு ஏறத்தாழ 380 வரிகள் சேர்ந்துள்ளன.

இதை உழவர்கள் தங்கள் கைபேசியிலேயே தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைக்க விரும்புகிறேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது, கற்றுக்கொள்ளத் தயங்கவில்லை. இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் போதும் என்கிறார் ஒருவர், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைக் கற்றுக்கொள் என்கிறார் மற்றொருவர். எதில் தொடங்குவது?

பதில் 1

வணக்கம் ஐயா. வேர்ட்பிரஸ் கட்டுரைகளுக்கு நல்ல கருவி. ஆனால் அதன் இயல்பான தேடல், தலைப்பையும் கட்டுரையின் உடலையும் சுருக்கத்தையும் மட்டுமே பார்க்கும். பயிர்க்காலம், மண் வகை ஆகியவற்றைத் தனிப் புலங்களாக நீங்கள் சேர்த்தால், அந்தப் புலங்களுக்குள் அது தேடாது. அதற்கென்று தனியே ஒரு செருகுநிரல் (கூடுதல் வசதிக்காக இணைக்கும் சிறு மென்பொருள்) வேண்டும். அங்கேதான் நான் அடிபட்டேன். எங்கள் ஊர்க் குளங்களின் விவரங்களை ஓர் இலவசச் செருகுநிரலை நம்பி ஏற்றினேன். இரண்டு ஆண்டுகளில் அதைப் பராமரிப்பவர்கள் கைவிட்டுவிட்டார்கள். விவரங்களைத் திரும்ப எடுக்க வழியில்லாமல், ஒவ்வொரு பக்கமாகத் திறந்து கையால் எழுதி எடுத்தேன். ஆகவே எந்த மென்பொருளைப் பார்த்தாலும், உள்ளே போட்டதை முழுமையாக சிஎஸ்வி கோப்பாக (எக்செல் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பு) வெளியே எடுக்க முடியுமா என்பதை முதலில் பாருங்கள்.

380 வரிகளுக்குத் தரவுத்தள சர்வரே தேவையில்லை என்பது என் கருத்து. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் ஆகும். வரிக்கு ஒரு கிலோபைட் என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 400 கிலோபைட்டைத் தாண்டாது. கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படம் அதைவிடப் பெரிதாக இருக்கும். எல்லா வரிகளையும் ஒரே ஜேசான் கோப்பாக்கி (விவரங்களை எழுதிவைக்கும் எளிய உரைக் கோப்பு வடிவம்), டேட்டாடேபிள்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை ஒரு சாதாரண எச்டிஎம்எல் பக்கத்தில் இணைத்தால், தேடுபெட்டியும் வரிசைப்படுத்தலும் உடனே கிடைத்துவிடும். இணையப் பக்கங்களை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் கட்டணமின்றி வைக்கலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. உழவர்களின் தொலைபேசி எண்கள் அந்த ஜேசான் கோப்பில் இருந்தால், பக்கத்தில் அந்த நெடுவரிசையை நீங்கள் மறைத்தாலும் கோப்பைத் திறந்து எவரும் படித்துவிடலாம். எண்களை அதில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். இருந்தாலும், எதைத் தேர்ந்தெடுத்தாலும் உங்கள் எக்செல் தாள் இப்போதிருக்கும் நிலையில் அதை ஏற்றினால் தேடல் ஏமாற்றத்தையே தரும் என்று அஞ்சுகிறேன். ஒரு ரகம் பல உழவர்களிடம் இருக்கிறது. ஓர் உழவரிடம் பல ரகங்கள் இருக்கின்றன. ஒரே தாளில் எழுதும்போது மாப்பிள்ளைச் சம்பாவின் குணங்களை எத்தனை உழவர்கள் வைத்திருக்கிறார்களோ அத்தனை முறை எழுதியிருப்பீர்கள், அதுவும் முறைக்கு ஒருவிதமாக. ரகங்களுக்கு ஒரு தாள், உழவர்களுக்கு ஒரு தாள், யார் எந்த ஆண்டு எந்த விதையை எத்தனை கிலோ பெற்றார், திருப்பித் தந்தார் என்பதற்கு மூன்றாவது தாள் என்று பிரித்து, ரகத்துக்கும் உழவருக்கும் எண் கொடுத்து இணையுங்கள். பயிர்க்காலத்தை "120 முதல் 125 நாள்" என்று ஒரே கட்டத்தில் எழுதினால், 130 நாளுக்குள் அறுவடையாகும் ரகங்களைக் கணினியால் பிரித்தெடுக்க முடியாது. குறைந்த நாள், கூடிய நாள் என்று இரண்டு கட்டங்களில் எண்ணை மட்டும் எழுதுங்கள்.

அடுத்தது பெயர்கள். கருப்புக் கவுனியை ஒருவர் கறுப்புக் கவுனி என்பார், இன்னொருவர் கவுணி என்பார், வேறொருவர் கௌனி என்பார். அதிலும் "கௌ" என்பதைச் சிலர் ஔகாரக் குறியால் தட்டுவார்கள், சிலர் ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. சொர்ணமசூரியின் "சொ" எழுத்தில் உள்ள ஒகரக் குறியும் இரண்டு குறியீடுகளாகப் பிரிந்து பதிவாகியிருக்கலாம். அதை யூனிகோடின் என்எஃப்சி ஒழுங்குபடுத்தல் (பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் முறை) சேர்த்துவிடும். ளகரப் பிழையை அது தீர்க்காது, நீங்கள்தான் தேடித் திருத்த வேண்டும். ரகத் தாளில் "பிற பெயர்கள்" என்று ஒரு கட்டம் சேர்த்து, ஊரில் வழங்கும் எல்லா வடிவங்களையும் அதில் எழுதிவையுங்கள். அவற்றைப் பிழை என்று ஒதுக்காதீர்கள். உழவர் தட்டப்போவது அவற்றில் ஒன்றைத்தான்.

பதில் 3

பின்னாளில் பதிவுகள் பெருகி, கற்கவும் ஆர்வம் இருந்தால், மைஎஸ்கியூஎலுக்கு முன் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருளைப் பாருங்கள். தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு, நகலெடுத்து அனுப்பிவிடலாம். அதன் மேல் டேட்டாசெட் (Datasette) என்ற திறமூலக் கருவியை வைத்தால், மண் வகை, பருவம் என்று வகைவாரியாகச் சுருக்கிப் பார்க்கும் வசதி நிரல் எழுதாமலே வந்துவிடும். ஆனால் அதை இயக்க வழக்கமாகப் பைதான் நிரல்மொழி ஓடும் சர்வர் வேண்டும்.

எஸ்கியூலைட்டின் முழுஉரைத் தேடலான எஃப்டிஎஸ்5-இல் தமிழுக்கு ஒரு பொறி இருக்கிறது. அதன் இயல்பான அமைப்பு எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொற்களைப் பிரிக்கும் இடைவெளிபோல் நடத்துகிறது. "கார்" என்ற நெல் வகையைத் தேடினால் அது க, ர என்ற இரண்டு துண்டுகளாகிவிடும். காட்டுயானத்தின் குறிப்பில் "வைக்கோல் கூரை வேய உதவும்" என்று இருந்தால் அதுவும் க, ர என்றே உடைபட்டு, விடையாக வந்து நிற்கும். எனக்கு இப்படித்தான் கீரையும் கூரையும் வந்தன. காரணம் புரிய ஒரு வாரம் ஆயிற்று. கேட்டகரீஸ் என்ற அமைப்பில் எம்என், எம்சி ஆகிய குறி வகைகளைச் சேர்த்தால் சொல் உடையாது. ஆனால் அப்போது "குள்ளக்கார்" ஒரே சொல்லாகிவிடுவதால் "கார்" என்ற தேடலுக்கு அது அகப்படாது. உங்கள் அளவுக்கு முழுஉரைத் தேடலை விட்டுவிட்டு, சொல்லின் எந்தப் பகுதியையும் தேடித் தரும் சாதாரண லைக் கட்டளையைப் பயன்படுத்துவதே நல்லது. சில நூறு வரிகளில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று தாள்களாகப் பிரிக்கத் தொடங்கி முதல் நாற்பது ரகங்களை முடித்துவிட்டேன். கவுனி என் தாளிலேயே நான்கு வடிவங்களில் இருந்தது. ளகரம் கலந்த கௌனியை நானே தட்டியிருக்கிறேன். இப்போதைக்கு ஜேசான் கோப்பும் டேட்டாடேபிள்ஸும் என்று முடிவு செய்துவிட்டேன். நேற்றிரவு சோதனைப் பக்கத்தில் "கவுணி" என்று தட்டியபோது கருப்புக் கவுனி வைத்திருக்கும் ஆறு பேரின் ஊர்களும் வந்தன. தொலைபேசி எண்கள் உள்ள தாள் என் கணினியில் தனியாக இருக்கிறது. விதை வேண்டுவோர் குழுவின் பொது எண்ணை அழைத்தால், உரியவரிடம் கேட்டுவிட்டு இணைத்துவிடுகிறோம்.