மெர்சலானவர்களும் மெர்சலாக்கியவர்களும்

புதுப்பேட்டை பக்தன்

மெர்சல் என்ற சொல் இப்போது நகைக்கடை விளம்பரம் வரைக்கும் போய்விட்டது. ஆனாலும் ஒருவர் "மெர்சலாயிட்டேன்" என்றால் அவர் பயந்தாரா, வியந்தாரா, ஒன்றும் புரியாமல் முழித்தாரா என்பது சொன்ன ஆளையும் இடத்தையும் வைத்துத்தான் தெரியும். மிரள், மிரட்சி எல்லாம் சென்னை வாயில் புரண்டு மெர்சல் ஆனது என்பார்கள். உங்களை யாராவது நிஜமாகவே மெர்சலாக்கியிருந்தால், அல்லது நீங்கள் யாரையாவது ஆக்கியிருந்தால் எழுதுங்கள். சினிமா வசனம் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

முதலில் என்னுடையது. என் பழைய ஸ்கூட்டர் நின்ற இடத்தில் உறுமும். ஐடில் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் அடங்காது, சிக்னலில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கார்புரேட்டர் போய்விட்டது என்று இரண்டு மெக்கானிக்குகள் சொல்லிவிட்டதால், செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கலாம் என்று புதுப்பேட்டைக்குப் போனேன். கடையில் ஒரு பையன், இருபது வயது இருக்கும், டீ குடித்துக்கொண்டிருந்தான். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். டம்ளரைக் கீழே வைக்காமலே காதை மட்டும் கொடுத்தான். அப்புறம் ஒரு பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து, கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயைச் சுற்றி மெதுவாக ஊற்றினான். உறுமல் சட்டென்று இறங்கியது. அடுத்த நொடி மறுபடி ஏறியது.

"கார்புரேட்டர் நல்லா கீதுண்ணே. ரப்பரு வெடிச்சிருக்கு, காத்து உள்ள பூந்துக்குது" என்றான்.

வெடிப்பு வழியாக உள்ளே போகும் காற்றுக்குத் தக்க பெட்ரோல் கிடைக்காமல் வண்டி எகிறுகிறது. தண்ணீர் அந்த வெடிப்பை ஒரு நொடி அடைத்ததும் அடங்குகிறது. விஷயம் இவ்வளவுதான். கார்புரேட்டர் வாங்க வந்தவனிடம் ஒரு ரப்பர் துண்டை மட்டும் விற்று அனுப்பினான் பாருங்கள், அதில்தான் நான் மெர்சல்.

நைட் டியூட்டி

அண்ணா சொல்வது வியப்பு. நான் கேட்டது பயம்.

எனக்கு ஈரோட்டுப் பக்கம். செவிலியர் படிப்பு முடித்ததும் வடசென்னையில் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் வேலை. ஓர் அம்மா நாலு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ராவுல புள்ள மெர்சலாயி எந்திரிச்சி குந்திக்கினு கத்துதும்மா. என்னையே யாருன்னு தெரில அதுக்கு." அதுவரைக்கும் அந்தச் சொல்லுக்கு 'சூப்பர்' என்ற அர்த்தம் மட்டும்தான் எனக்குத் தெரியும். கத்துகிற குழந்தைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

பக்கத்தில் இருந்த மூத்த சிஸ்டர் ராயபுரத்துக்காரர். காய்ச்சல் இருந்ததா, கை கால் வெட்டி இழுத்ததா என்று கேட்டார். இல்லை. அப்புறம் ஒரே கேள்விதான்: "மெர்சலாயி முழிச்சிக்குதா, மெர்சலாயி தூங்குதா?"

அந்த அம்மா சொன்னதை நான் அப்படியே மனதில் வைத்திருக்கிறேன். "கண்ணு தொறந்துக்கினு கீது சிஸ்டர். ஆனா தூங்குது. காலைல கேட்டா ஒண்ணுமே தெரியலன்னுது."

டாக்டர் வருவதற்கு முன்பே பாதி பதில் கிடைத்துவிட்டது. பயங்கரக் கனவு கண்ட குழந்தை முழித்துக்கொண்டு அம்மாவைக் கட்டிக்கொள்ளும், கனவையும் சொல்லும். இது அப்படியில்லை. படுத்த முதல் சில மணி நேரத்துக்குள், ஆழ்ந்த உறக்கத்திலேயே எழுந்து அலறி, யாரையும் அடையாளம் தெரியாமல், மறுநாள் நினைவும் இல்லாமல் போவது. இரவுத் திகில் என்று சொல்வோம். உலுக்கி எழுப்பாதீர்கள், விழுந்து அடிபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தினமும் ஒரே நேரத்தில் தூங்க வையுங்கள், வளர வளரத் தானாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப மந்திரிக்க வேணாமா?"

ரெட் அண்ட் ஃபாலோ

வடசென்னை என்றதும் எல்லோரும் அடிதடியைச் சொல்வார்கள். எங்களுக்குக் கேரம். உலகப் பட்டத்தை இரண்டு முறை வென்று, 1996இல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். அந்தப் பெயரைச் சொல்லாமல் எங்கள் கிளப்பில் யாரும் ஸ்ட்ரைக்கரைத் தொட மாட்டார்கள்.

கேரத்தில் 'மெர்சல் காட்டுறது' என்றால் எதிராளியைக் குழப்பி அவனே தப்பு செய்யும்படி விடுவது. எங்கள் வியாசர்பாடி கிளப்பில் ஒரு பெரியவர் இருந்தார், நைனா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மனிதர் கை வேகம் போன வயதில்தான் நான் அவரிடம் ஆட ஆரம்பித்தேன். எனக்கு அடி பலமாக விழும், பாக்கெட் தப்பாது. ஆனாலும் அவரிடம்தான் தோற்பேன்.

ஒருநாள் ஆட்டம் முடியும் நேரம். ரெட் இன்னும் போர்டில் இருக்கிறது. நைனா போரிக் பவுடரைத் தட்டினார், ஸ்ட்ரைக்கரை வைத்தார், வலது மூலையையே வெகு நேரம் பார்த்தார். அடித்தது மெதுவாக. ரெட் நகர்ந்து என் பாக்கெட் வாயில் வந்து உட்கார்ந்தது. "அடச்சீ, தப்பிச்சி" என்று தலையில் கை வைத்தார். நான் ஒரே தட்டில் ரெட்டைப் போட்டேன். 3 புள்ளி ஆயிற்றே!

போட்ட பிறகுதான் ஃபாலோவுக்குக் காய் தேடினேன். எனக்கு மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று அவருடைய காய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தது, இன்னொன்று என் பக்கக் கோட்டுக்குக் கீழே சுவரை ஒட்டி. ரெட்டைப் போட்டவன் அடுத்த அடியில் தன் காயைப் போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் ரெட் மறுபடி நடுவுக்கு வந்துவிடும். வந்தது. ஆட்டமும் அவர் கைக்குப் போனது. நடுவில் இருந்த ரெட்டைத் தூக்கினார், ஃபாலோவைப் போட்டார், மிச்சத்தையும் துடைத்தார்.

"தலைல கை வச்சேன்ல, அதுலதான்டா நீ மெர்சலாயிட்ட" என்றார். ரெட்டை அங்கே கொண்டு வந்து வைத்ததே அவர்தான். வலது மூலையை அவ்வளவு நேரம் பார்த்ததும் நடிப்பு. இவ்வளவு அழகாக என்னை யாரும் ஏமாற்றியதில்லை.

கரும்பலகை

பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். நீங்கள் எல்லோரும் எழுதுவதைத் தொல்காப்பியர் எப்போதோ வரிசைப்படுத்தி வைத்துவிட்டார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவது மெய்ப்பாடு; அந்த எட்டில் ஒன்று மருட்கை. "புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே" என்பது நூற்பா. இதுவரை காணாதது, அளவில் மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று இன்னொன்றாக மாறியது. இந்த நான்கின் முன்னால்தான் அறிவு நிறைவில்லாமல் திகைத்து நிற்கிறது.

வகுப்பில் இதை விளக்கியதும் கடைசி பெஞ்சிலிருந்து, "ஐயா, மெர்சல்னு சொல்லுங்க, புரிஞ்சிடும்" என்றான் ஒருவன். சரி, நான்குக்கும் நீயே உதாரணம் சொல் என்றேன். முதல் மூன்றைச் சட்டென்று சொன்னான், அவை நினைவில் இல்லை. ஆக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினான். கொஞ்சம் யோசித்து, "எங்க அண்ணன் குடிச்சிக்கினே இருந்தான் ஐயா. இப்ப அவனே டீக்கடை வச்சிருக்கான். காலைல நாலு மணிக்கு எழுந்து போறான்" என்றான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. உரையாசிரியர்கள் யாரும் இவ்வளவு நல்ல உதாரணம் கொடுக்கவில்லை என்று சொன்னேன். மிகைதான், இருந்தாலும் அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தேன்.

அதோடு விட்டானா? யாப்பு நடத்தும்போது மருட்பா வந்தது. வெண்பாவாகத் தொடங்கி ஆசிரியப்பாவாக முடியும் என்றேன். "வெண்பான்னு நம்பி உள்ள போனா வேற ஒண்ணா வெளிய வருது. அப்ப இது மெர்சல் பா ஐயா." தேர்விலும் அப்படியே எழுதி வைத்தான். மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. மருள் என்பதற்கு மயக்கம், திகைப்பு என்றுதானே பொருள், அவன் எழுதியதில் எதைத் தவறென்பது?

சும்மா ஒருவன்

எனக்கு இந்தச் சொல்லே அலுத்துவிட்டது. 2017இல் அதே பெயரில் விஜய் படம் வந்தாலும் வந்தது, சாம்பார் நன்றாக இருந்தாலும் மெர்சல், ஷூ புதிதாக இருந்தாலும் மெர்சல். பயம் என்ற பொருளைப் பாதிப் பேர் மறந்தே போய்விட்டார்கள். எங்கள் தெருவில் நாய் துரத்தி வந்த ஒருவர் மூச்சு வாங்க "மெர்சலாயிட்டேன்பா" என்றார். அதுதான் அசல்.

வெருளி

நான் யாழ்ப்பாணம். எங்கள் ஊரில் மெர்சல் இல்லை, ஆனால் அதன் இரண்டு வேலையையும் செய்ய இரண்டு சொற்கள் இருக்கின்றன. பயப்படுத்தினால் வெருட்டுறது. "பிள்ளையை வெருட்டாதை" என்று அம்மம்மா சத்தம் போடுவா. தோட்டத்தில் பறவைகளுக்குக் கட்டி வைக்கும் பொம்மை வெருளி. ஆளைச் சுற்றி ஏமாற்றினால் அது பேய்க்காட்டுறது.

சென்னையில் படித்த காலத்தில் ஒரு சென்னைப் பெடியனோடு அறை எடுத்திருந்தேன். வாடகையில் அவன் பங்கை "நாளைக்கு, நாளைக்கு" என்று இழுத்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் இரவு, கரண்ட் போன நேரம் பார்த்து, "மச்சான், நீ கனநாளாய் என்னைப் பேய்க்காட்டுறாய்" என்றேன். அவன் கட்டிலில் இருந்து எழும்பிவிட்டான். "எங்க?" என்றான். "இஞ்சதான், இந்த அறைக்குள்ளதான்" என்றேன். நான் சொன்னது காசை. அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், செல்போன் வெளிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் அடித்துப் பார்த்தான். "எவ்ளோ நாளா காட்டுறேன்?" "மூன்று மாதமாய்!"

கரண்ட் வந்த பிறகு விளக்கம் சொன்னேன். "ஏன்டா இப்டி மெர்சலாக்குற" என்று முதுகில் ஒன்று வைத்தான். வாடகை மறுநாளே வந்துவிட்டது. மொழி தெரியாத ஊரில் மாட்டிக்கொள்வது ஒரு தினுசு. தெரிந்த மொழிக்குள்ளேயே மாட்டிக்கொள்வதுதான் பெரிய பம்பல், உங்கள் ஊர்ப் பேச்சில் தமாஷ்.

பெரம்பூர் பேரன்

எங்கள் ஆயாவைப் பற்றி எழுதாவிட்டால் இந்த வரிசை முழுமையாகாது.

போன வருடம் அவருக்கு வீடியோ அழைப்பு வந்தது. போலீஸ் உடுப்பு மாட்டிய ஓர் ஆள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் டிரக்ஸ் இருக்கிறது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமராவை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது. இப்படித்தான் தொடங்குவார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. ஆளை யோசிக்க விடாமல் மிரட்டி, கணக்கில் இருக்கும் பணத்தை 'சரிபார்ப்புக்கு' என்று மாற்ற வைப்பதுதான் நோக்கம். படித்தவர்களே விழுகிறார்கள்.

ஆயா போனைப் பிடித்த அழகில் எதிராளிக்குத் தெரிந்தது சீலிங் ஃபேன் மட்டும்தான். நான் அடுத்த அறையிலிருந்து சத்தம் கேட்டு வந்தபோது பேச்சு பாதியில் இருந்தது.

"டிரக்ஸ்னா மாத்திரதானப்பா? சுகருக்கா, பிரஷருக்கா?"

"அம்மா, போதைப்பொருள்!"

"அத்த நான் கேக்கலியே. நீ சீட்ட படி, டாக்டரு இன்னா எழுதிக்கிறாரு?"

அந்த ஆள் ஆதார் எண்ணைக் கேட்டான். கண்ணாடியைத் தேடணும் என்றார் ஆயா. தேடினார். கண்ணாடி தலையிலேயே இருந்தது. எண்ணைச் சொல்வதற்குப் பதிலாக, ஆதார் எடுக்கப் போன அன்றைக்கு வரிசையில் யார் யார் நின்றார்கள் என்று சொன்னார். அவன் குரலை உயர்த்தினான். "கத்தாத, காது கேக்குது. சட்டைல ஒரு பட்டன் பிஞ்சி தொங்குது பாரு, உங்க ஸ்டேஷன்ல கேக்க மாட்டாங்களா?" அவன் குனிந்து பார்த்துக்கொண்டான். அந்த இடத்தில்தான் அவன் கதை முடிந்தது.

கடைசியில் அவனே, "அம்மா, போனை வைங்க" என்றான்.

"எப்டி வைக்கிறது? நீ என்ன அரெஸ்ட் பண்ணிக்கினு கீறியே!"

அழைப்பைத் துண்டித்துவிட்டான். இதைப் படித்துவிட்டு யாரும் விளையாடப் போகாதீர்கள், வந்த உடனே துண்டிப்பதுதான் சரி. நாங்கள் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் செய்து, அழைப்பு வந்த எண்ணைக் கொடுத்தோம். புகாரைப் பதிந்தவர் பணம் ஏதாவது போனதா என்று கேட்டார். இல்லை என்றேன். பின்னாலிருந்து ஆயா, "அந்தப் புள்ளைக்கு ஊசி நூலு இருந்தா குடுக்கச் சொல்லு" என்றார்.