செல்மா காதல் கதை பாதியில் நிற்கிறது, யோசனை வேண்டும்

நாவல் ஏழாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டது. இடம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள செல்மா, காலம் 1965 மார்ச். அவள் பிரவுன் சேப்பல் தேவாலயத்தில் பாடும் கறுப்பினப் பெண். அவன் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்கான பேரணிக்காக சிகாகோவிலிருந்து வந்து, அவள் வீட்டில் தங்கும் வெள்ளைக்கார மாணவன். அன்றைய அலபாமாவில் இவர்கள் கல்யாணம் செய்தால் 2 முதல் 7 ஆண்டு சிறை. கறுப்பின-வெள்ளையர் திருமணத்தைத் தடுக்கும் இத்தகைய சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1967 ஜூன் 12-இல்தான்.

இருவரையும் சிகாகோவுக்கு அனுப்பிப் பார்த்தேன். அங்கே சட்டத் தடை இல்லை, கதையின் பயமே போய்விட்டது. கடிதங்களாக எழுதினேன், நாலு பக்கத்தில் எனக்கே கொட்டாவி. சரி, வாக்காளர் பதிவு வேலையில் இறக்கினால் வரலாற்றுப் பாடம் மாதிரி ஆகிறது.

மார்ச் 25-இல் மாண்ட்கமரியில் பேரணி முடிந்த பிறகும் அவன் செல்மாவிலேயே தங்க, நம்பும்படியான காரணம் என்ன இருக்கலாம்?