மறுமொழி: மூட்டு மிகையசைவும் புரோஜெஸ்டிரானும் – என்ன சொல் வைக்கலாம்?

ஐயா, வணக்கம்.

கர்ப்பிணிகளுக்கான கைப்பிரதிக்கு, புரோஜெஸ்டிரான் என்னும் கர்ப்பகால ஹார்மோன் மருந்துக்கும், மூட்டுகள் இயல்பை மீறி வளையும் ஜாயின்ட் ஹைப்பர்மொபிலிட்டிக்கும் நீங்கள் அனுப்பிய தமிழ்ச் சொற்களைப் பார்த்தேன். மூன்றிலும் எனக்கு வழக்கு இருக்கிறது.

> புரோஜெஸ்டிரான் – கருத்தாங்கி
> புரோஜெஸ்டிரான் சப்ளிமென்ட்டேஷன் – கருத்தாங்கிக் குறைநிரப்பு
> ஜாயின்ட் ஹைப்பர்மொபிலிட்டி – மூட்டு நெகிழ்வு

கருத்தாங்கி காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மருந்துக்கு அப்படிப் பெயர் வைத்தால் அந்தப் பெயரே வாக்குக் கொடுத்துவிடும். 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், தொடக்க வாரங்களில் இரத்தப்போக்கு கண்ட 4,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்தார்கள். புரோஜெஸ்டிரானை உள்ளே (யோனியில்) வைத்தவர்களில் 75 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை வைத்தவர்களில் 72 சதவீதம் பேருக்கும் குழந்தை உயிரோடு பிறந்தது. ஏற்கெனவே கரு கலைந்தவர்களிடம்தான் பலன் சொல்லும்படி இருந்தது. தாங்கி என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டு, தங்காமல் போன பெண்ணுக்கு யார் பதில் சொல்வது? அட்டையிலும் சீட்டிலும் உள்ள பெயர் புரோஜெஸ்டிரான். அப்படியே விட்டுவிடுவோம்.

குறைநிரப்பு இதைவிடச் சிக்கல். இரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்துக்கு அது பொருந்தும். ஹீமோகுளோபின் குறைவை அளந்து பார்த்துக் கொடுக்கிறோம். இங்கே அப்படி இல்லை. முதல் 8–10 வாரம், சூலகத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் புரோஜெஸ்டிரானைச் சுரக்கிறது, அப்புறம் நஞ்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. கருப்பை வாயின் நீளம் 25 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்று நடு மாத ஸ்கேனில் தெரிந்தால், உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரான் குறைமாதப் பிரசவ வாய்ப்பைக் குறைக்கிறது. குறுகியது கருப்பை வாய்தான். அவளுடைய இரத்தத்தில் புரோஜெஸ்டிரான் குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

ஹைப்பர்மொபிலிட்டியால் மூட்டு பிசகிப் பிசகி அவதிப்படும் பெண்ணிடம் குறைநிரப்பு என்று சொல்லிப் பாருங்கள். “எனக்கு அது கம்மி, அதனாலதான் எலும்பெல்லாம் விட்டுப்போகுது” என்றுதான் எடுத்துக்கொள்வாள். அவளுக்கு இருப்பதோ எலும்புகளைக் கட்டும் நார்களின் பிறவி இயல்பு. இன்னும் சொல்லப்போனால், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில், அதாவது புரோஜெஸ்டிரான் ஏறி இறங்கும் நேரத்தில், மூட்டுவலி கூடுவதாகச் சொல்கிறவர்கள் இவர்களிலேயே உண்டு. இந்த மருந்து கொடுப்பதற்கான காரணங்களில் மூட்டு இல்லை. கருப்பை வாயும், இரத்தப்போக்கோடு சேர்ந்த பழைய கருக்கலைவும் இருக்கின்றன. அதனால் ‘புரோஜெஸ்டிரான் துணையளிப்பு’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. குறை இருப்பதாகவும் சொல்லவில்லை, நிறையும் என்றும் சொல்லவில்லை. துணையூட்டு வேண்டாம், பலருக்கு இதை வாய்வழி கொடுப்பதில்லை, ஊட்ட என்ன இருக்கிறது?

மூட்டு நெகிழ்வுக்கு வருகிறேன். சென்ற செவ்வாய், கர்ப்பிணிகள் நாளன்று, துறைமுகம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆறாம் மாதம். இடுப்பின் முன்னெலும்பில் வலி, புரண்டு படுக்க முடியவில்லை. நிற்கும்போது முழங்கால் இரண்டும் வில்லாகப் பின்னோக்கி வளைந்திருந்தன. கட்டைவிரலை மடக்கச் சொன்னேன். முன்கையில் போய்ப் படிந்தது. “இது சின்ன வயசுலேருந்தே வரும்க்கா, இஸ்கூல்ல எல்லாரும் செய்யச் சொல்லிப் பார்ப்பாங்க” என்று சுண்டுவிரலையும் செங்குத்துக்கு மேலே மடித்துக் காட்டினாள், சிரித்துக்கொண்டே. அவளிடம் உனக்கு நெகிழ்வு அதிகம் என்றால் பாராட்டாகத்தான் விழும். பரதநாட்டிய வகுப்பிலும் யோகா வகுப்பிலும் அது பாராட்டுச் சொல்.

மூட்டுகள் எவ்வளவு வளைகின்றன என்று பார்க்கும் பெய்ட்டன் அளவில் 9 புள்ளிகள்: சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முழங்கால் இரண்டு பக்கமும், அப்புறம் முழங்கால் மடங்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிப்பது. (கடைசியை வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் யாரும் கேட்கப்போவதில்லை.) எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்னும் பிறவி இணைப்புத்திசு நோய்களுக்கான 2017 வகைப்பாட்டின்படி, பருவமெய்தியதிலிருந்து 50 வயது வரை 5 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் கணக்கில் எடுக்கிறார்கள். அளப்பது அசைவின் வீச்சை. ஆகவே ‘மூட்டு மிகையசைவு’. கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்கும் ஓரளவு வருகிற தற்காலிக மாற்றத்துக்கு ‘மூட்டிளக்கம்’ என்று தனிச்சொல் வைத்தால் இரண்டும் குழம்பாது.

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து

---

அம்மா, வணக்கம்.

துணையளிப்பு, மிகையசைவு இரண்டும் ஏற்பு. கருத்தாங்கியைத் திரும்பப் பெறுகிறேன், ஆனால் மருந்துக்கடையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று: இங்கே புதுவையில் சனங்கள் “கரு நிக்கிற மாத்திரை” என்று கேட்டுத்தான் வருவார்கள். நீங்கள் கொடுக்காத வாக்கை ஊர் எப்போதோ கொடுத்துவிட்டது. கைப்பிரதியில் அந்தப் பேச்சுவழக்கையும் ஓரிடத்தில் போட்டு, எல்லாருக்கும் நிற்கும் என்று பொருளில்லை என்று எழுதினால்தான் படிக்கிறவளுக்கு எந்த மாத்திரை என்று புரியும்.

மூட்டிளக்கம் மட்டும் கூடாது. மலமிளக்கி என்ற சொல் நன்றாக ஊன்றிவிட்டது. இளக்கம் என்றதும் வயிறுதான் நினைவுக்கு வரும். தளர்வு போதுமே.

இன்னொன்று, துணையளிப்பு என்ற ஒரே குடையின் கீழ் ஊசியையும் சேர்த்துவிடாதீர்கள். குறைமாதப் பிரசவத்தைத் தடுக்க வாரம் ஒருமுறை போடும் ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரான் கேப்ரோயேட் ஊசிக்கு அமெரிக்காவில் கொடுத்திருந்த ஒப்புதலை, பலன் உறுதிப்படவில்லை என்று 2023இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அது வேறு வேதிப்பொருள். வழியையும் மருந்தையும் பிரித்து எழுதுங்கள்.

---

ஐயா,

தளர்வு சரி. ‘கர்ப்பகால மூட்டுத்தளர்வு’ என்று முழுதாகவே போடுகிறேன். ஊசியைத் தனிப் பத்தியாக்கிவிட்டேன். “கரு நிக்கிற மாத்திரை”யையும் மேற்கோள் குறிக்குள் சேர்த்தாயிற்று.

வழி என்றதும் அடுத்த தலைவலி. ஒரே காப்சூலைச் சிலருக்கு விழுங்கவும் சிலருக்கு உள்ளே வைக்கவும் எழுதித் தருகிறார்கள். குழு அகராதியில் இருக்கும் ‘யோனி உள்வைப்பு’ என்பதைப் போட்டால் காப்பர்-டி என்று நினைத்துவிடுவார்கள். ‘உள்ளே வைக்கும் மாத்திரை’ என்றே எழுதியிருக்கிறேன். செவிலியர்கள் சொல்வதும் அதுதான். பெல்விக் கர்டில் வலிக்கு ‘இடுப்புவளைய வலி’. இந்த இரண்டில் மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கிறேன்.