கைக்கு எட்டாத உயரத்தில் கட்டிய கயிறு

லைன்மேன்72:
ஆண்டான் (Andon) கயிறு, அதாவது பழுது கண்ணில் பட்டா தொழிலாளியே இழுத்து உதவி கூப்பிடுற, தேவைப்பட்டா லைனை நிறுத்துற கயிறு, இங்கே பலருக்கும் தெரிஞ்சதுதான். ஒரு கார் பாகங்கள் ஆலை, பெயர் வேண்டாம். வாசலில் ஐந்து விழுமியங்கள், முதல் வரி ‘தரத்தில் சமரசம் இல்லை’. உள்ளே டொயோட்டா பாணியில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கயிறு. ஒரே ஒரு ஸ்டேஷனில் மட்டும் அதைச் சுருட்டி, மேலே போகும் ஏர் பைப்போடு சேர்த்து கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தார்கள். எம்பினாலும் எட்டாது. பக்கத்து ஷிஃப்ட் போர்டில் ‘லைன் நின்ற நிமிடங்கள்: 0’, மேலே பச்சை டிக். ஏன் கட்டினீங்கன்னு கேட்டதுக்கு யாரும் கூச்சப்படக்கூட இல்லை. அந்த டை கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது.

டாக்ட்டைம்:
கட்டினவரைத் திட்டாதீங்க. கணக்கைப் பாருங்க. கயிற்றை இழுத்தவுடன் லைன் நிற்காது. விளக்கு எரியும், பாட்டு வரும், வண்டி ஸ்டேஷனோட கடைசிக் கோடு வரை நகர்ந்துகிட்டே இருக்கும். அதுக்குள்ள டீம் லீடர் வந்து சரிபண்ணி மறுபடி இழுத்துட்டா ஒரு வினாடிகூட நிற்காது. முடியலைன்னாதான் கோட்டில் நிற்கும்.

டாக்ட், அதாவது ஒரு வண்டிக்கு ஒரு ஸ்டேஷனில் கிடைக்கிற நேரம், 60 வினாடின்னு வைங்க. ரப்பர் சீல் சரியா உட்காரலைன்னு 40ஆவது வினாடியில் தெரியுது, இழுக்கிறார். மிச்சம் 20 வினாடி. ஐந்தாறு பேருக்கு ஒரு லீடர் இருந்தா பத்து எட்டில் வந்துடுவார். 30 பேருக்கு ஒரே சூப்பர்வைசர், அவரும் 50 மீட்டர் தள்ளி ஸ்டோர்ஸில் இருந்தா, நடந்து வரவே 35 வினாடிக்கு மேல் ஆகும். அப்புறம் ஒவ்வொரு இழுப்பும் லைன் ஸ்டாப்தான். ஒவ்வொரு ஸ்டாப்பும் சூப்பர்வைசர் கணக்கில் ஏறும். ஒரு வாரத்தில் கேபிள் டை வந்துடும். கயிறு மலிவு. டீம் லீடர் சம்பளம்தான் செலவு, அதை யாரும் பட்ஜெட்டில் போடலை.

பழைய_கியர்:
ஃப்ரீமாண்ட் இதுக்கு நல்ல சாட்சி. கலிஃபோர்னியாவில் ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) கம்பெனியின் அந்த கார் ஆலை 1982இல் மூடினது. லைன் எக்காரணத்துக்கும் நிற்கக்கூடாது, பழுது இருந்தா கடைசியில் பார்த்துக்கலாம் என்பதுதான் அங்கே நடைமுறை. வேலைக்கு வராதவங்க ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 1984இல் டொயோட்டாவும் ஜி.எம்.மும் கூட்டாக நியூமி என்ற பேரில் அதே கட்டடத்தைத் திறந்தாங்க. பெரும்பாலும் அதே ஆட்கள், அதே யூனியன். கொஞ்சம் கொஞ்சமா ஆட்களை ஜப்பானின் தகாவோகா ஆலைக்கு அனுப்பிப் பழக்கினாங்க. வராதவங்க இரண்டு சதவீதம் அளவுக்கு இறங்கினாங்க. அந்தப் பயிற்சியில் வேலை பார்த்த டொயோட்டா ஆள் ஜான் ஷூக் 2010இல் எழுதினது இதுதான்: மனசை மாத்தி நடத்தையை மாத்தலை, நடத்தையை மாத்தினாங்க, மனசு பின்னாடியே வந்தது.

ஆனா டாக்ட்டைம், ஆள் கணக்கு மட்டும் போதாது. அதே ஜி.எம். அதே முறையை வான் நைஸ் ஆலைக்குக் கொண்டுபோகப் பார்த்து முடியாம, 1992இல் அதையும் மூடினது. மேலே இருக்கிறவங்களை உற்பத்தி எண்ணிக்கையை வெச்சே அளந்தா, கீழே எத்தனை லீடர் போட்டாலும் கயிறு மேலேதான் போகும்.

ஹெச்ஆர்_மேசை:
யாரும் கேட்கலைதான், இருந்தாலும் சொல்றேன். தப்பு விழுமியத்தை எழுதும்போதே ஆரம்பிக்குது. ‘நேர்மை’ன்னு எழுதுறோம். ‘நாங்க நேர்மையில்லாதவங்க’ன்னு எந்தக் கம்பெனியாவது எழுதுமா? எழுதாதுன்னா அது விழுமியமே இல்லை, வெறும் சுண்ணாம்பு. அமெரிக்க எரிசக்தி கம்பெனி என்ரானின் நாலு விழுமியங்களில் நேர்மையும் உண்டு, 2001 டிசம்பரில் அது திவால். ‘தரம்’னு எழுதாம ‘சந்தேகம் வந்தா இழு, இழுத்தவரிடம் காரணம் முதலில் கேள், பெயரை எழுதாதே’ன்னு எழுதணும். யார், எதை, எத்தனை வினாடிக்குள்ளன்னு இருக்கணும். ஐந்துக்கு மேல் வேண்டாம், சூப்பர்வைசருக்கே நினைவில் நிற்காது. இரண்டு மோதினா எது முன்னாடின்னு வரிசை போடணும். ஜான்சன் அண்ட் ஜான்சனின் 1943 கிரெடோவில் (கம்பெனியின் கொள்கை அறிக்கை) மருந்தைப் பயன்படுத்துறவங்க முதல், பங்குதாரர் கடைசி. 1982இல் சிகாகோ பக்கம் அவங்க வலி மருந்தான டைலனாலில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தப்போ, சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்ப எடுத்தாங்க. அப்புறம் ஊக்கத்தொகைத் தாளை எடுத்து ஒவ்வொரு வரியையும் விழுமியத்தோட ஒத்துப்பார்க்கணும். அமெரிக்க வங்கி வெல்ஸ் ஃபார்கோவில் விழுமியங்களுக்குன்னு தனிப் புத்தகமே இருந்தது. ஒரு வாடிக்கையாளருக்குக் கணக்கு, கார்டுன்னு எட்டு விற்கணும்னு இலக்கும் இருந்தது. இலக்குதான் ஜெயிச்சுது: கேட்காதவங்க பேரில் லட்சக்கணக்கில் கணக்கு, 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம், சுமார் 5,300 பேர் வேலைநீக்கம்...

பழைய_கியர்:
கிரெடோ புராணம் போதுங்க. அதே கிரெடோ இருக்கும்போதுதான் 2010இல் அதே கம்பெனி குழந்தைகள் மருந்தைத் தரக் குறைபாட்டுக்காகத் திரும்ப எடுத்தது. வரிசை போட்டா மட்டும் ஆகாது. பெயரை எழுதாதேங்கிறது மட்டும் சரி, அதை ஏத்துக்கிறேன்.

டாக்ட்டைம்:
லைன்மேன், ஒண்ணு கேக்கணும். அந்த ஸ்டேஷனில் என்ன வேலை? அந்த போர்டில் இழுத்த எண்ணிக்கைக்குன்னு கட்டம் இருந்ததா, இல்லை நின்ற நிமிஷம் மட்டும்தானா? ஒரு ஷிஃப்டுக்கு இழுப்பே பூஜ்யம்னா லைன் நல்லா ஓடுதுன்னு அர்த்தமில்லை, இழுக்க முடியலைன்னு அர்த்தம்.

லைன்மேன்72:
டோர் சீல் ஒட்டுற இடம். இழுத்த எண்ணிக்கைக்கும் கட்டம் இருந்தது. அதில் ஒரு கோடு கிழிச்சு, ‘பொருந்தாது’ன்னு எழுதியிருந்தாங்க.