ஐந்து வயதுப் பெண் குதிரையோடு முதல் டிரெஸ்ஸாஜ் போட்டி: வார்ம்-அப்பில் என்ன செய்வீர்கள்?

மணல்தளம்:
வணக்கம். இன்னும் மூன்று வாரத்தில் என் பெண் குதிரைக்கு முதல் டிரெஸ்ஸாஜ் (குறித்த அசைவுகளை வரிசையாகச் செய்துகாட்டும் குதிரையேற்றம்) போட்டி. ஐந்து வயது, சேணம் பழக்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வாக் (நடை), ட்ராட் (மெல்லோட்டம்) மட்டும் உள்ள தொடக்கநிலை டெஸ்ட் (செய்துகாட்ட வேண்டிய அசைவு வரிசை), 20க்கு 40 மீட்டர் அரீனா. எங்கள் லாயத்தில் தங்கமான பிள்ளை, லகானை நீளமாக விட்டாலும் தலையை இறக்கி அமைதியாக நடப்பாள். ஆனால் போன மாதம் பழக்கத்துக்காக வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போனபோது, வண்டியிலிருந்து இறங்கியதும் கனைக்க ஆரம்பித்தவள் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை, அரீனா ஓரத்தில் இருந்த பூத்தொட்டியைப் பார்த்து மிரண்டு பக்கவாட்டில் பாய்ந்தாள். நான் விழவில்லை. ஆனால் அதற்கப்புறம் லகானைத் தளர்த்த எனக்கு மனம் வரவே இல்லை, அவளும் நடக்காமல் துள்ளித் துள்ளியே வந்தாள்.

ஏறுவதற்கு முன் லஞ்ச் கயிற்றில் (நாம் நடுவில் நின்று பிடித்திருக்கும் நீளக் கயிறு) வட்டமாக ஓடவிட்டுக் களைப்பாக்கிவிடலாமா? வார்ம்-அப் எவ்வளவு நேரம்? துணைக்கு அவளோடு பழகிய இன்னொரு குதிரையையும் கூட்டிப்போகலாமா? அன்றும் இப்படியே இருந்தால் விலகிவிடுவதா?

பழைய அங்கவடி:
களைப்பாக்க வேண்டாம். என் குதிரையின் முதல் போட்டியில் நான் அதைத்தான் செய்தேன், லஞ்சில் 20 நிமிடம், மேலே ஏறி இன்னொரு 50 நிமிடம். அரீனாவுக்குள் போகும்போது உடம்பு ஓய்ந்திருந்தது, பயம் மட்டும் அப்படியே இருந்தது. கால் தடுக்கிக்கொண்டே மிரண்டான். அவனிடம் நான் அப்படி நடந்துகொண்டது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. இரண்டாம் முறை மொத்தமே அரை மணி நேரம்தான், அதில் பாதி வாக்.

லஞ்ச் போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. பத்து நிமிடம், இரண்டு பக்கமும் மாற்றி, இடத்தைச் சுற்றிப் பார்க்கட்டும் என்று விடலாம். சின்ன வட்டத்தில் வேகமாக ஓட்டுவதுதான் கூடாது. ஐந்து வயதில் முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு வளரும் மென்பகுதிகள்) பெரும்பாலும் முழுதாக மூடியிருக்காது, பார்க்கப் பெரிய குதிரையாக இருந்தாலும் உள்ளே இன்னும் பிள்ளைதான்.

பூத்தொட்டி விஷயம். குதிரைக்குக் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்வை உண்டு, ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்சம் தெரியாது. லகானை இறுக்கி, தலையைத் தூக்கவைத்து நேராகத் தொட்டியிடம் கொண்டுபோனால் அவளுக்கு அது சரியாகத் தெரிவதும் இல்லை, திரும்பிப் பார்க்க வழியும் இல்லை. நாலைந்து அடி தள்ளியே கடந்து போங்கள், மூக்கு சற்று உள்பக்கம், அதாவது அரீனாவின் நடுவை நோக்கி, திரும்பியிருக்கட்டும், உள்கால் விலாவோடு இருக்கட்டும். உங்களுக்குப் பயம் வந்தால் ஒரு கையால் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் லகானை இளக்குங்கள். நாம் இறுக்கும்போது அங்கே ஏதோ ஆபத்து இருக்கிறது என்றுதான் அவள் எடுத்துக்கொள்கிறாள், அந்தத் துள்ளல் நடை பாதி அதனால்தான்.

வார்ம்-அப் தளத்தில் எதிரே வருபவரை இடது கைக்கு இடது கையாகக் கடக்க வேண்டும், இதை லாயத்திலேயே இன்னொரு குதிரையோடு பழக்கிவிடுங்கள். பின்னாலிருந்து யாராவது கேன்டரில் (ட்ராட்டைவிட வேகமான ஓட்டம்) வந்தால் பெரிய வட்டமாகத் திருப்பி அவளைப் பார்க்க விடுங்கள்.

எக்ஸ்புள்ளி:
நடுவர் சொல்லச் சொல்ல மதிப்பெண் எழுதும் வேலைக்குப் பல போட்டிகளில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை தனித்தனியாக மதிப்பெண். மிரண்டு 4 வாங்கிய குதிரை அடுத்த அசைவிலேயே 7 வாங்குவதை எழுதியிருக்கிறேன். அதனால் போனதை நினைத்து அவளைத் திருத்தப் போகாதீர்கள், அசைவுகளுக்கு அடையாளமாக அரீனாவைச் சுற்றி வைத்திருக்கும் எழுத்துகளில் அடுத்ததைப் பாருங்கள். நீள லகான் வாக்குக்குப் பல டெஸ்ட்களில் இரட்டை மதிப்பெண், நீங்கள் இறுக்கிப் பிடித்தால் அதிகம் போவது அங்கேதான்.

வட்டத்தில் நிறையப் பேர் மதிப்பெண்ணைச் சும்மா விடுகிறார்கள். ஏ-யில் (நுழைவாயில் உள்ள எழுத்து) போடும் 20 மீட்டர் வட்டம் மூலைக்குள் போகக் கூடாது, எக்ஸ் (அரீனாவின் நடுப்புள்ளி) வழியாக வர வேண்டும், நீளப் பக்கத்தைத் தொடும் இடம் கே, எஃப் எழுத்துகள் அல்ல. அந்த எழுத்துகள் மூலையிலிருந்து 6 மீட்டர், வட்டம் தொட வேண்டியது 10 மீட்டரில், அதாவது எழுத்தைத் தாண்டி இன்னும் 4 மீட்டர். இளம் குதிரையிடம் பெரிய நடை யாரும் எதிர்பார்ப்பதில்லை. தாளம் மாறாத ட்ராட்டும் வட்டமான வட்டமும் இருந்தாலே நடுவர் முகம் மலரும்.

இன்னொன்று, அவளோடு பேசிப் பேசி ஓட்டும் பழக்கம் இருந்தால் இப்போதே குறையுங்கள். குரல் கொடுத்தால், நாக்கைச் சொடுக்கினால் பல இடங்களில் மதிப்பெண் குறையும். உங்கள் போட்டி விதியைப் படித்துக்கொள்ளுங்கள், டெஸ்ட்டை வெளியிலிருந்து யாராவது வாசிக்கலாமா என்பதும் அதில் இருக்கும்.

வைக்கோல்வலை:
துணைக் குதிரை விஷயத்தில் யோசியுங்கள். பயணத்தில் உதவும், உண்மைதான். ஆனால் நீங்கள் உள்ளே போகும்போது அது வெளியே நிற்கும், அவள் கவனம் முழுக்க அதன் மேல்தான் இருக்கும். எங்கள் குட்டி அப்படித்தான் டெஸ்ட் முழுக்கக் கனைத்தது. இந்த மூன்று வாரமும் அவளைத் தனியாக வண்டியில் ஏற்றி, எங்காவது இறக்கி, வைக்கோல் கொடுத்து, புல் மேயவிட்டுத் திரும்பக் கூட்டிவாருங்கள், மேலே ஏறவே வேண்டாம். வீட்டுத் தண்ணீரையே கேனில் கொண்டுபோங்கள், புது இடத்துத் தண்ணீரைச் சில குதிரைகள் வாயில் வைக்காது. வாலில் பச்சை ரிப்பன் கட்டினால் இளம் குதிரை என்று பல இடங்களில் புரிந்துகொண்டு இடைவெளி விடுவார்கள். உதைக்கிற குதிரைக்குத்தான் சிவப்பு.

மணல்தளம்:
எல்லோருக்கும் நன்றி, அங்கவடி அண்ணா சொன்ன பிடரி யோசனையை இன்று சாயங்காலமே செய்து பார்த்தேன், இரண்டாவது சுற்றில் கழுத்தை நீட்டினாள். துணைக் குதிரை வேண்டாம், லஞ்ச் பத்தே நிமிடம். ஒரே ஒரு கேள்வி, உள்ளே போகும் முன் நடுவர் மேசையை அவளுக்குக் காட்ட நேரம் கிடைக்குமா?

பழைய அங்கவடி:
பல போட்டிகளில் நடுவர் மணி அடிப்பதற்கு முன்னாலேயே அரீனாவின் வெளிப்பக்கமாகச் சுற்றிவர விடுவார்கள். நடுவர் உட்காரும் சி பக்கம் இரண்டு திசையிலும் ஒருமுறை நடத்திக் காட்டுங்கள். மணி அடித்தபின் உள்ளே நுழைய வழக்கமாக 45 வினாடி உண்டு, அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம், ட்ராட் சீராக வந்தபின் ஏ-க்குத் திருப்புங்கள். விலகுவது பற்றிக் கேட்டீர்களே, வார்ம்-அப்பில் அவள் பத்து நிமிடம் நிம்மதியாக நடந்தால் உள்ளே போங்கள். நடக்கவில்லை என்றால் இறங்கி, கையில் பிடித்து நடத்தி, புல் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவாருங்கள், அடுத்த மாதம் இன்னொரு போட்டி வரும்.