அப்டேட்: ஸ்கேன் பக்கங்களை ஜேபிக்2-ல சுருக்குறது

போன தடவை கேட்டிருந்தேன்ல, பழைய தமிழ் புத்தகத்தை கருப்பு வெள்ளையா ஸ்கேன் பண்ணியும் பிடிஎஃப் ரொம்ப பெருசா வருதுன்னு, அதுக்கு நிறைய பேர் ஜேபிக்2 என்கோடர் (கருப்பு வெள்ளைப் படத்தை சுருக்குற புரோகிராம்) சொன்னீங்க, ரொம்ப நன்றி, அதைத்தான் இப்ப யூஸ் பண்றேன். 300 டிபிஐ ஏ4 பக்கம் ஒண்ணு சுருக்காம ஒரு பிட் படமா (ஒவ்வொரு புள்ளியும் கருப்பு இல்லன்னா வெள்ளை மட்டும்) இருந்தாலே சுமார் 1 எம்பி, ஃபேக்ஸ் குரூப் 4-ங்கிற பழைய சுருக்கு முறைல நல்லாவே குறையுது, ஜேபிக்2-ல அதை விடவும் குறையுது.

ஆனா அந்த என்கோடர்ல மைனஸ் எஸ் (-s)ங்கிற ஆப்ஷன் மட்டும் வேணாம்ங்க. ஒரே மாதிரி தெரியுற எழுத்தை ஒரு தடவை மட்டும் வச்சுக்கிட்டு மத்த இடத்துல எல்லாம் அதையே ஒட்டிடும், மங்கின அச்சுல எ, ஏ ரெண்டுக்கும் அந்த சின்ன கோடுதான் வித்தியாசம், கால் எழுத்தும் ர-வும் அப்படித்தான், மாறிப்போனா கண்ணுக்கு பளிச்சுனு தப்பில்லாமலே தெரியும், அதான் பயமே. 2013-ல டேவிட் கிரீசல்ங்கிற ஜெர்மன் கம்ப்யூட்டர் நிபுணர், ஜெராக்ஸ் கம்பெனியோட ஸ்கேன் மெஷின்ல சில 6 எல்லாம் 8 ஆனதை கண்டுபிடிச்சாரே, அதே சமாச்சாரம்தான்.

அந்த ஆப்ஷன் இல்லாம ஓட்டினா ஒரு புள்ளி கூட மாறாது, சைஸ் கொஞ்சம் கூடும், கூடட்டும். முதல்ல தூசிப் புள்ளிகளை சுத்தம் பண்ணிட்டு ஓட்டுங்க, இன்னும் குறையும், ஆனா மெய்யெழுத்துப் புள்ளியும் சேர்ந்து போயிடாம பாத்துக்கோங்க.